அரை கிரவுண்டில் ஒரு தோட்டம்: வட சென்னை வீட்டுக்குத் திட்டம் போடும் முறை

திருவொற்றியூரில் எங்கள் மனை 30 அடிக்கு 40 அடி. வீடு போக வாசல் பக்கம் 30க்கு 8, பின்பக்கம் 30க்கு 6, இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடிச் சந்து. அரை கிரவுண்டில் மிஞ்சுவது இவ்வளவுதான். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கே தனிவீடு இருந்தாலும் பலருக்கு ஏறக்குறைய இதே கணக்குதான் வரும்.

இந்த இடத்தில் நான் இரண்டு முறை தோட்டம் போட்டேன். முதல் முறை நர்சரிக்குப் போய், கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் வாங்கி வந்து, காலி இடம் பார்த்து நட்டேன். போர் தண்ணீரில் வளர்த்த புல்தரை முதல் கோடையிலேயே நுனி கருகி, வைகாசி முடிவதற்குள் வைக்கோலாகிவிட்டது. எலுமிச்சை இலை ஓரமெல்லாம் தீய்ந்து நின்றது. ஐப்பசி மழையில் பின்பக்கம் நான்கு நாள் தண்ணீர் தேங்கி, கறிவேப்பிலை வேரோடு அழுகியது. எதிர் வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவுதுன்னு மொதல்ல பாரு கண்ணு. அப்பால செடி வையி."

இரண்டாம் முறை ஆயா சொன்ன வரிசையில்தான் போனேன். முதலில் தண்ணீர், பிறகு வெயிலும் காற்றும், அப்புறம் மண், வீட்டு ஆட்களின் நடமாட்டம். செடி எல்லாவற்றுக்கும் கடைசி. கடலுக்கும் கால்வாய்களுக்கும் நடுவில் இருக்கிற நம் பகுதிக்கு இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அளவெடுப்பது

ஒரு கட்டக் காகிதம், ஒரு அளவு நாடா, ஒரு பென்சில் போதும். ஒரு அடிக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டு மனையை வரையுங்கள். வடக்கு எது என்று குறியுங்கள். அப்புறம் தரைக்குக் கீழே இருப்பவற்றை எல்லாம் குறிக்க வேண்டும்: சம்ப், செப்டிக் டேங்க் அல்லது கழிவுநீர்ச் சேம்பர், குழாய் போகிற பாதை, போர், அடிபம்பு. தலைக்கு மேலே மின்கம்பி, கேபிள், பக்கத்து வீட்டு பால்கனி. குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் வீடு கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். பிறகு கடப்பாரையைப் போட்டுக் குழாயை உடைத்தால் அந்தச் செலவு தோட்டச் செலவைவிட அதிகமாகிவிடும்.

மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய்கள், மேல்நிலைத் தொட்டி வழிந்தால் விழும் இடம், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடம், துணி துவைக்கிற இடம் ஆகியவற்றையும் அதே படத்தில் குறியுங்கள். இவைதான் உங்கள் தோட்டத்தின் நீர்நிலைகள்.

எந்தத் தண்ணீர், எவ்வளவு உப்பு

வட சென்னையில் தோட்டத்தின் தலையெழுத்தை இதுதான் முடிவு செய்கிறது. மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். கடலோரம் இருக்கிற தெருக்களில் ஒரு வீட்டுப் போரில் நல்ல தண்ணீரும், நாலு வீடு தள்ளி உப்புத் தண்ணீரும் வரும். அதனால் அக்கம்பக்கத்தில் விசாரித்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சிறிய கருவிதான், பேனா போல இருக்கும், ஒன்று வாங்கிவிடுங்கள்.

போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பங்குனியில் ஒரு முறை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு முறை. டி.டி.எஸ். 450க்குக் கீழே இருந்தால் எதையும் வளர்க்கலாம். 450க்கும் 2000க்கும் நடுவில் என்றால் செடியைத் தேர்ந்தெடுத்துத்தான் வைக்க வேண்டும். 2000க்கு மேலே போனால் உப்பைத் தாங்கும் செடிகளைத் தவிர வேறு எதையும் அந்தத் தண்ணீரை நம்பி வைக்கக் கூடாது.

இந்த எண் என்ன சொல்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். டி.டி.எஸ். 1000 என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. ஒரு பாத்திக்குத் தினம் 15 லிட்டர் வாளி ஒன்று ஊற்றினால் தினம் 15 கிராம். நூறு நாளில் ஒன்றரை கிலோ உப்பு அந்தப் பாத்தியில் சேர்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. இலை நுனி கருகுவதும் மண் மேலே வெள்ளையாகப் பூப்பதும் அதனால்தான். என் புல்தரை செத்ததும் அப்படித்தான். நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், அதாவது இன்னும் உப்பை ஊற்றினேன்.

இதற்கு வழி இருக்கிறது. உப்புத் தண்ணீரையே பயன்படுத்த வேண்டிய வீடுகளில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வேர் ஆழத்துக்கு நன்றாக ஊற்றுங்கள். இலை மேல் படாமல் தரையில் விடுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிடைக்கிற நல்ல தண்ணீரை நிறைய ஊற்றினால் சேர்ந்த உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை இதே வேலையைப் பெரிய அளவில் இலவசமாகச் செய்கிறது. ஆகையால் பாத்திகளுக்கு மேலே தகரமோ பிளாஸ்டிக் கூரையோ போட்டு மழையை மறைத்துவிடாதீர்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதை ஒரு குடத்தில் பிடித்து, எலுமிச்சைக்கும் மல்லிக்கும் ஊற்றலாம். துணி அலசிய தண்ணீருக்கு நம் பெரியவர்கள் கண்ட வழியே சரி: துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழை, கல்வாழை, சேம்பு. சோப்பு அதிகம் இருக்கிற முதல் தண்ணீரை விட்டுவிட்டு, அலசுகிற தண்ணீரைத் திருப்பி விடுங்கள்.

மழை விழும் இடமும் போகும் இடமும்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. எங்கள் மாடி 624 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு அதில் 58 லிட்டர் விழுகிறது. 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு நாளில் 2,900 லிட்டர். இந்தக் கணக்கை உங்கள் மாடிக்கும் போட்டுப் பாருங்கள்: 1000 சதுர அடிக்கு, ஒரு மில்லிமீட்டருக்கு 93 லிட்டர்.

2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட தொட்டி பெரும்பாலான வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் மண் அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி, இருக்கிற இடமே மறந்துபோயிருக்கும். தோட்டத் திட்டத்தில் முதல் செலவாக அதைத் தோண்டிச் சுத்தம் செய்யுங்கள். கடலோரத்தில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்புநீர் ஏறாமல் அழுத்தி வைக்கும் என்பது நீரியல் கணக்கு. தெருவில் பத்து வீடு மழையை உள்ளே இறக்கினால் பத்து வீட்டுப் போரும் கொஞ்சம் இனிக்கும்.

இறக்குவதற்கு முன் உங்கள் மண் குடிக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். கடற்கரைப் பக்க மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். அங்கே 3 அடி சதுரத்தில் 4 அடி ஆழக் குழி வெட்டி, கருங்கல் ஜல்லி போட்டு, மேலே மணல் பரப்பினால் போதும். மணலி, மாதவரம் பக்கம் களிமண் இருக்கிற மனைகளில் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். அங்கே வெறும் குழி வெட்டினால் கொசுத் தொட்டிதான் கிடைக்கும். குழிக்குள் ஒரு சிறு போர் போட்டுக் கீழே இருக்கிற மணல் அடுக்குக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். எந்த மண்ணாக இருந்தாலும் செப்டிக் டேங்க் ஒரு கோடியில் என்றால் மழைநீர்க் குழி மறு கோடியில் இருக்கட்டும். கோடை முடிந்து பெய்கிற முதல் மழை மாடித் தூசியை எல்லாம் கழுவிக்கொண்டு வரும், அதை உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது தரைச் சரிவு. சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு போதும். பாத்தி மண் வீட்டுச் சுவரைத் தொடக் கூடாது, ஒரு அடி இடம் விடுங்கள். விட்டால் சுவரில் ஓதமும் கரையானும் வராது. நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தெருவைப் போட்டுப் போட்டு மேடாக்கி, வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. உங்கள் வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் கேட்டுக்கு உள்ளே ஒரு கைப்பிடி உயரத்துக்கு வாசல் மேடு கட்டாமல் தோட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது, எந்தப் பக்கம் கடைசியாக வடிந்தது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சுவரில் அந்தக் கறை இன்னும் இருந்தால் அதை அளந்து படத்தில் எழுதுங்கள். கடைசியாக வடிந்த மூலையில் கறிவேப்பிலையோ பப்பாளியோ வைக்கக் கூடாது, கல்வாழையும் சேம்பும் அங்கே நன்றாக வரும்.

வெயில் பக்கம் மாறுகிறது

தோட்டம் பற்றிய பொதுவான குறிப்புகளில் தெற்குப் பக்கம் வெயில், வடக்குப் பக்கம் நிழல் என்று இருக்கும். சென்னைக்கு அது வருடம் முழுக்கப் பொருந்தாது. நாம் 13 டிகிரி வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், கத்திரி வெயில் உட்பட, சூரியன் நமக்கு வடக்கே போகிறது. மே, ஜூன், ஜூலையில் வடக்குச் சந்தில் வெயில் அடிக்கும். டிசம்பரில் அதற்கு நேர்மாறாக, 10 அடி உயரச் சுவர் நண்பகலில் ஏழரை அடி நீள நிழலை வடக்குப் பக்கம் போடும். அதாவது எங்கள் மூன்றடி வடக்குச் சந்து ஐப்பசி முதல் மாசி வரை வெயிலே பார்க்காது.

இதனால் என்ன ஆகும் என்றால், டிசம்பரில் பார்த்து நிழல் இடம் என்று நிழல் செடி வைத்தால் மே மாதம் வாடிவிடும். மே மாதம் பார்த்து வெயில் இருக்கிறதே என்று தக்காளி வைத்தால் கார்த்திகையில் காய்க்காது. அதனால் குறைந்தது இரண்டு பருவத்திலாவது காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என்று மூன்று வேளை நிழல் எங்கே விழுகிறது என்று அதே கட்டக் காகிதத்தில் வேறு வேறு நிறப் பென்சிலால் குறியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் மேலே சொன்ன கணக்கை வைத்துக்கொண்டே ஆரம்பிக்கலாம். காய்கறிக்கும் பழத்துக்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். வெற்றிலை, ஓமவல்லி, மணி பிளான்ட், பெரணி இவை சந்துக்குப் போகட்டும்.

மேற்குச் சுவர்தான் வீட்டைச் சுடவைப்பது. அதற்கு அரை அடி தள்ளிக் கம்பி வலை கட்டி, கோவைக்கொடியோ சங்குப்பூவோ ஏற்றுங்கள். சுவரில் நேராக ஒட்டிப் படர விடாமல் இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே போய்விடும். உள்ளே அறையில் ராத்திரி தூங்கும்போது வித்தியாசம் தெரியும்.

கடல் காற்றும் கரித்தூசியும்

கொண்டல் காற்று நமக்கு வரம். கோடையில் மத்தியானத்துக்கு மேல் அது உள்ளே வரும்போதுதான் உயிர் வருகிறது. ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலைப் பார்த்த தெருக்களில் அது உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அந்தப் பக்கம் உயரமான சிமென்ட் சுவர் எழுப்பினால் காற்று மேலே ஏறி உள்பக்கம் சுழன்று விழும். காற்று கொஞ்சம் நுழைகிற மாதிரி ஒரு செடி வேலி வைத்தால், வேலி உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை வேகம் குறையும். அரளி, காகிதப்பூ, அடர்த்தியாக வெட்டி வளர்த்த பூவரசு மூன்றும் உப்புக் காற்றைத் தாங்கும். குழந்தைகளும் தெருவில் திரியும் ஆடுகளும் எட்டுகிற இடத்தில் அரளி வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

கன்டெய்னர் லாரி போகிற சாலை ஓரம் இருப்பவர்களுக்கும், மணலி, எண்ணூர், அத்திப்பட்டு ஆலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இலை மேல் தூசி படிவது தினசரிப் பிரச்சினை. வேலிச் செடியை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். கீரைப் பாத்தியைச் சாலைப் பக்கம் வைக்காமல் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.

மண்

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாளும் கலங்கி நின்று மெல்லப் படிவது களி. மணல் அதிகம் என்றால் மக்கிய எருவும் செம்மண்ணும் சேர்க்க வேண்டும். களி அதிகம் என்றால் மணல் கொட்டாதீர்கள், கொஞ்சம் மணல் சேர்ந்த களி செங்கல் போல இறுகிவிடும். மக்கிய எருவை மட்டும் தாராளமாகப் போட்டு மேட்டுப்பாத்தி கட்டுங்கள்.

ரப்பிஷ் கொட்டி மேடாக்கிய மனைகள் நம் பக்கம் நிறைய. தோண்டினால் செங்கல் துண்டு, சிமென்ட், பாலித்தீன் பை என்று வரும். 2023 டிசம்பரில் எண்ணூர், மணலிப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து படிந்த இடங்களும் உண்டு. இப்படிப்பட்ட மண்ணில் சாப்பிடுகிற எதையும் நேராக விதைக்க வேண்டாம். செங்கல் வைத்து ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் கீரை போடுங்கள். பழைய மண்ணில் பூச்செடியும் வேலியும் போதும்.

வெளியிலிருந்து மண் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எனக்கு ஒருவர் செம்மண் என்று ஒரு லோடு இறக்கினார். மேலாகச் சிவப்பு, உள்ளே கறுப்புச் சேறும் ஜல்லியும். உலர்ந்ததும் வெள்ளை பூத்தது. இறக்குவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். நான் கலக்கும் அளவு: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, பாத்திக்கு நாலைந்து கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.

இதே பாத்தியை மாடியில் கட்டலாமே என்று தோன்றும். ஈரமான மண் ஒரு கன அடி சுமார் 50 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டடப் பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஒரு அடி மண் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். மாடியில் வைப்பதாக இருந்தால் நார்க்கழிவு அதிகம் சேர்த்த பைகளை உத்திரத்துக்கும் சுவருக்கும் நேராக வரிசைப்படுத்துங்கள், பழைய வீடு என்றால் பொறியாளரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

இனிமேல்தான் படம் வரைவது

முதலில் மனிதர்கள் நடக்கிற வழியை வரையுங்கள். கேட்டிலிருந்து வாசலுக்கு மூன்றடி. வாசல் முன் கோலத்துக்கு ஒரு ஐந்தடி சதுரம், அதில் தொட்டி, செடி எதுவும் வரக் கூடாது. பொங்கலுக்குப் பானை வைப்பதும் அங்கேதான். வண்டிகள் நிற்க இடம். துணி காயப்போட வெயில் இடம். சாயங்காலம் பெரியவர்கள் உட்காரத் திண்ணை மாதிரி ஒன்றரை அடி உயரக் கட்டை, பாத்தியின் கரையையே அகலமாகக் கட்டினால் அதுவே திண்ணை ஆகிவிடும். துளசி மாடமோ, ராயபுரம் எண்ணூர்ப் பக்க வீடுகளில் இருப்பது போல மாதா கெபியோ, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். தோட்டத்தில் கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும், அது இதுவாக இருப்பது அழகு.

இவை போக மிஞ்சுவதுதான் பாத்தி. இரண்டு பக்கமும் கை எட்டினால் நான்கடி அகலம், சுவரோரம் என்றால் இரண்டடி. இடையில் நடக்க ஒன்றரை அடி. தரைக்குக் கடப்பாக்கல்லை மணல் மேல் இடைவெளி விட்டுப் பதியுங்கள், இடைவெளியில் மழை இறங்கும். முழுக்க சிமென்ட் பூசிவிட்டால் மேலே போட்ட மழைக் கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

படம் தயாரானதும் கோலமாவை எடுத்துத் தரையில் அதே அளவில் போடுங்கள். இது எனக்கு மிகவும் உதவிய வேலை. ஒரு வாரம் அந்தக் கோட்டைத் தாண்டாமல் நடந்து பாருங்கள். தண்ணீர்க் குடத்தோடு, கேஸ் சிலிண்டரோடு, வண்டியைத் திருப்பிக்கொண்டு. எங்கள் வீட்டில் இரண்டே நாளில் ஒரு பாத்தியின் மூலை அழிந்துவிட்டது, எல்லோர் காலும் அங்கேதான் போனது. அந்த மூலையை வெட்டிவிட்டு மறுபடி வரைந்தோம்.

மரமும் செடியும்

அரை கிரவுண்டுக்கு மரம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது குல்மோஹரும் பெருங்கொன்றையும் சாய்ந்து கிடந்த சென்னைத் தெருக்களை நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். வேம்பு, புங்கன், புன்னை, பூவரசு எல்லாம் நம் மண்ணுக்கு உறவான மரங்கள். புன்னையும் பூவரசும் உப்புக்கும் அஞ்சாதவை. ஆனால் சுவரிலிருந்து 15 அடியாவது வேண்டும். முழு கிரவுண்டு இருப்பவர்கள் ஒன்று வையுங்கள், மற்றவர்கள் தெருவோரம் வைக்க முடியுமா என்று பாருங்கள். தென்னைக்கு 25 அடி விரிவு தேவை, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை மேல் மட்டை விழுந்தால் உறவு கெடும். ஆலும் அரசும் சுவரில் தானாக முளைத்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

சிறிய மனைக்கு நான் சொல்வது பவழமல்லி, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை, சீத்தா. கொய்யா ஓரளவு உப்பைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், எட்டடிக்கு மேல் விடவேண்டியதில்லை. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழி தோட்டக்கலைப்படியும் சரி. புரட்டாசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் புயலுக்கு ஒடிய ஒன்றும் இருக்காது. ஆனால் கம்பளிப்பூச்சி வரும், அதனால் படுக்கையறை ஜன்னல் பக்கம் வேண்டாம். சப்போட்டா கடலோரத்துக்கு மிகப் பொருத்தமான பழமரம், கொஞ்சம் பெரிய கொல்லை இருந்தால் அதுவே என் முதல் தேர்வு. எலுமிச்சை, மா இரண்டும் உப்புக்கு வாடுபவை. நல்ல தண்ணீர் உறுதியாக இருந்தால் மட்டும்.

பூவுக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, முல்லை. மல்லிக்கு நல்ல வெயிலும் மழைக்குப் பிறகு தை மாதத்தில் ஒரு கடும் கவாத்தும் கொடுத்தால் பங்குனியிலிருந்து பூக்கும். கீரையில் பாலக் உப்பை நன்றாகவே தாங்குகிறது, தண்டுக்கீரையும் பரவாயில்லை. பீன்ஸ், வெங்காயம், கேரட் இவை உப்புத் தண்ணீரில் ஏமாற்றும். புல்தரை ஆசையை விட்டுவிடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். பச்சைத் தரை வேண்டும் என்றால் ஈரமான ஓரத்தில் பொன்னாங்கண்ணியைப் படர விடுங்கள், கண்ணுக்கும் ஆகும் கறிக்கும் ஆகும்.

நடும்போது உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்ற ஒரு விதி போதும். ஒரே செடியை மூன்று ஐந்து என்று கூட்டமாக வையுங்கள். பத்து வகையில் ஒவ்வொன்று வைத்தால் நர்சரி போலத்தான் இருக்கும்.

மாதக் கணக்கு

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் பார்க்கிற மாதங்கள். ஆனியில் குழி, சரிவு, பாதை, பாத்திக் கட்டு போன்ற கட்டட வேலை. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மாறவில்லை. அந்த மாதம் பாத்தி நிரப்பிக் காய்கறி விதையுங்கள். மரக்குழியை மூன்றடி சதுரம், மூன்றடி ஆழம் வெட்டி இரண்டு வாரம் வெயில் காயவிட்டு, ஆவணியிலோ புரட்டாசி முதல் பாதியிலோ நடுங்கள். ஊன்றுகோல் அப்போதே கட்ட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மண்ணைத் தொடாதீர்கள், குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பூச்செடிகளை மார்கழி, தையில் நிரப்பலாம். அதற்குள் உங்களுக்கே இடம் பழகியிருக்கும்.

மூடாக்கு மட்டும் எல்லா மாதமும். சருகு, காய்ந்த கீரைத்தண்டு, நறுக்கிய தென்னை மட்டை எதுவானாலும் மூன்று அங்குலம். அது ஆவியாவதைக் குறைத்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். உரத்துக்கு நம் ஊரில் குறையே இல்லை: காசிமேட்டில் மீன் வாங்கும்போது கழிவையும் கேட்டு வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, அதே எடை நாட்டு வெல்லம் சேர்த்து, மூடி வைத்தால் ஒரு மாதத்தில் மீன் அமிலம். லிட்டருக்கு ஐந்து மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை. தொட்டித் தட்டுகளில் நிற்கிற தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகிறது.

தை பிறந்ததும் பழைய கட்டக் காகிதத்தை எடுத்து, போர் தண்ணீரின் டி.டி.எஸ். அளவைப் பங்குனியில் எழுதியதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தையும், வாடிய செடியையும் அதிலேயே குறித்து, தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆனியில் எந்தப் பாத்தியை ஒரு செங்கல் உயர்த்துவது என்று அதைப் பார்த்துத்தான் மேஸ்திரிக்குச் சொல்லப் போகிறீர்கள்.